இழுப்பறையில் கிடக்கும் முகங்கள்



சபைக்குப் புதிய கேமரா ஒன்று வேண்டும் என்று வாலிபர் ஐக்கியத்தார் கேட்டிருக்கிறார்கள். வாங்கலாம் என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அதற்கு முன்பாக நாம் செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு.

மரக்காணம் உப்பளங்களில் படமெடுப்பது எளிதன்று. எதிரிலிருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணியே கேமரா ஒளியை அளக்கிறது. உப்புக் குவியலின் வெண்மையைக் கண்டதும் வெளிச்சம் மிகுதி என்று மயங்கி, படத்தை இருளாக்கிவிடுகிறது. உப்பு அழுக்குச் சாம்பலாகிறது. அதை வாருகிறவரின் முகமோ மறைந்தேபோகிறது. சபையின் 5 மெகாபிக்சல் கேமரா எடுத்த படங்கள் பலவும் இப்படிப்பட்டவையே. புதியவை முகத்தைக் கண்டறிந்து அதற்கேற்ப ஒளியை அளக்கின்றன. இயந்திரத்தைக் குறைத்துப் பேசுவது பக்தி என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அவர்களில் ஒருவனல்லன்.

உப்புக்கும் புகைப்படத்துக்கும் உள்ள உறவு பழையது. 1830களில் இங்கிலாந்தில் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் சாதாரண உப்புக் கரைசலில் காகிதத்தைத் தோய்த்து, அதன்மேல் வெள்ளி நைட்ரேட்டைப் பூசினார். அப்போது உண்டாகும் வெள்ளி குளோரைடு வெளிச்சம் பட்டதும் கறுக்கும். அந்தக் கறுப்பு மேலும் பரவாமல் நிறுத்துவதற்கும் அவர் முதலில் செறிந்த உப்புக் கரைசலையே பயன்படுத்தினார். நம் மக்கள் பாத்திகளில் வாரும் அதே பொருள்தான்! எண்ணாகமம் 18ஆம் அதிகாரத்தில் தேவன் ஆரோனோடு செய்தது உப்பு உடன்படிக்கை என்று அழைக்கப்படுகிறது. கெடாமல் காப்பது உப்பின் குணம் என்பதை உப்பளத்தாருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

காத்துவைக்கும் காரியத்தில்தான் நான் தவறினேன்.

சென்ற மழைக்காலத்தில், உப்பளத்திலேயே வாழ்நாளைக் கழித்த ஒரு தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனைக்கு முந்தின இரவு அவருடைய மகன் வந்து, "ஐயா, அம்மா போட்டோ ஒண்ணு உங்ககிட்ட இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க" என்றார். இருந்தது. ஓர் அறுப்பின் பண்டிகையில் நானே எடுத்தது. ஆனால் அந்த அட்டை என் மேசை இழுப்பறையில் கிடந்தது; அதைச் செருகும் துளை என் மடிக்கணினியில் இல்லை. பழைய கேமராவின் பேட்டரி அறையோ உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தது. ஆதார் அட்டையிலிருந்த படத்தைப் பெரிதாக்கி மாலையிட்டோம். அந்த மகன் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

பின்னர் புதுச்சேரிக்குச் சென்று அட்டையைப் படிக்கும் கருவி ஒன்றை வாங்கினேன். விலை சில நூறு ரூபாய். படம் கிடைத்தது, அடக்கம் முடிந்து ஒன்பது நாட்களுக்குப் பிறகு. அந்தத் தாயார் சிரித்துக்கொண்டிருக்கிறார். முகம் சற்றே இருண்டிருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்து, விடியற்காலையில் உப்பளத்தாரைப் படமெடுத்துச் செல்கிறவர்களைக் குறித்து நாம் குறைப்படுவதுண்டு. படத்திலிருப்பவரின் கைக்கு அது ஒருபோதும் வந்து சேருவதில்லை என்கிறோம். போதகராகிய நான் செய்ததும் அதுதானே? பிரதான ஆசாரியன் இஸ்ரவேல் புத்திரரின் நாமங்களைக் கற்களில் பொறித்துத் தன் மார்பின்மேல் சுமந்தான் என்று யாத்திராகமத்தில் வாசிக்கிறோம். நான் அவற்றை இழுப்பறையில் பூட்டிவைத்தேன்.

ஆகையால், கேமராவுக்கென்று சேரும் காணிக்கையின் முதற்பங்கு பழைய படங்களை அச்சிடுவதற்குச் செல்லட்டும். காகிதத்திலுள்ள முகத்தைக் காண ஒரு கருவியும் வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து இதை வாசிக்கிறவர்களும் தங்கள் இழுப்பறைகளை ஒருமுறை திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நம்மிடம் அட்டைகள் எட்டு உள்ளன. அவற்றிலுள்ள பலரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின்பு படங்களைச் சுவரில் காட்டுவோம். வீட்டிலுள்ள மூத்தவர்களைத் தவறாமல் அழைத்து வாருங்கள்.