செப்டம்பரில் 5 ஸ்டார், நவம்பரில் ஒழுகல்: வீட்டு ரிப்பேருக்கு ஆளை எப்படி நம்புவது?

செப்டம்பர் வந்தால் போதும், சென்னை அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களில் ஒரே கேள்விதான் சுற்றும்: “நல்ல வாட்டர்ப்ரூஃபிங் ஆள் யாராவது இருக்காங்களா?” அடுத்த பத்து நிமிடத்தில் ஏழெட்டு நம்பர்கள் வந்து விழும். கூகுளில் தேடினால் இன்னும் இருபது. எல்லோருக்கும் நாலரை ஸ்டாருக்கு மேல்!

அப்புறம் ஏன் நவம்பரில் அதே குரூப்பில் பெட்ரூம் சீலிங் போட்டோக்கள் வருகின்றன?

ஆளின் நேர்மையைச் சந்தேகிப்பதற்கு முன், அந்த ஸ்டார் எப்போது போடப்பட்டது என்று பார்க்க வேண்டும். வேலை முடிந்த அன்றே, பல நேரம் ஆள் வாசலில் நிற்கும்போதே ரேட்டிங் கேட்கப்படுகிறது. சொன்ன நேரத்துக்கு வந்தாரா, மரியாதையாகப் பேசினாரா, குப்பையைக் கூட்டி அள்ளினாரா என்பதெல்லாம் அன்றைக்குத் தெரியும். மாடியில் பூசிய கோட்டிங் நிற்குமா என்பது வடகிழக்குப் பருவமழை அடித்த பிறகுதான் தெரியும். அதற்குள் ஸ்டார் கொடுத்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். குழாய் அடைப்பு, ஃபேன் மாட்டுவது மாதிரி உடனே பலன் தெரியும் வேலைகளுக்கு ரேட்டிங் ஓரளவு உதவும். வாட்டர்ப்ரூஃபிங், சுவருக்குள் போகும் வயரிங், டைல்ஸுக்கு அடியில் போகும் பைப் ஆகியவற்றுக்கு அது கிட்டத்தட்ட உதவாது.

எனவே ரெஃபரன்ஸ் கேட்கும்போது கேள்வியை மாற்ற வேண்டும். “போன வாரம் எங்க வேலை செஞ்சீங்க?” என்பதைவிட, “ரெண்டு மழைக்கு முன்னாடி செஞ்ச மாடி ஒண்ணைக் காட்ட முடியுமா?” என்பது பலன் தரும் கேள்வி. அந்த வீட்டுக்காரரிடம் ஐந்து நிமிடம் பேசினால், நூறு ரிவ்யூ சொல்லாதது தெரிந்துவிடும்.

தண்ணி கட்டிப் பார்த்தீங்களா?

மாடி ஒழுகுவதற்கு நடுத்தளத்தில் இருக்கும் விரிசல் மட்டும் காரணம் அல்ல. தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், தளத்தைத் துளைத்துப் போகும் பைப்பைச் சுற்றிய இடம், தண்ணீர்த் தொட்டிக்கு அடிப்பகுதி ஆகியவைதான் பெரும்பாலும் வில்லன்கள். இன்னொன்று வாட்டம். தண்ணீர் குழாயை நோக்கி ஓடும்படி தளத்துக்குச் சரிவு இல்லாவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த கோட்டிங் அடித்தாலும் தேங்கிய தண்ணீர் ஒருநாள் வழி கண்டுபிடிக்கும்.

இங்கேதான் ஆளை எடைபோடலாம். மாடிக்கு வந்ததும் மூலைகளைத் தட்டிப் பார்க்கிறாரா, கீழே இறங்கி ஈரம் எங்கே தெரிகிறது என்று கேட்கிறாரா? அல்லது படியேறும்போதே “சதுர அடிக்கு இவ்வளவு” என்று ஆரம்பிக்கிறாரா? இரண்டாவது ரகம் கோட்டிங் விற்க வந்தவர்.

வேலை முடிந்ததும் செய்ய வேண்டியது, மேஸ்திரிகள் எல்லோருக்கும் தெரிந்த பழைய சோதனை. கோட்டிங் முழுசாகக் காய்ந்த பிறகு குழாய் வாயை அடைத்து, ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரம் விட வேண்டும். கீழே ஈரம் கசிகிறதா என்று பார்க்கலாம். “அதெல்லாம் வேணாம் சார், பத்து வருஷ வாரண்டி இருக்கு” என்று ஒருவர் தட்டிக்கழித்தால், அந்த வாரண்டி யாருடையது என்று கேட்க வேண்டும். பொருள் தயாரிக்கும் கம்பெனி தருவதும், பூசுகிறவர் வாயால் சொல்வதும் வேறு வேறு. கம்பெனி வாரண்டிக்கு பெரும்பாலும் பில், எத்தனை கோட் அடித்தது, யார் அடித்தது என்று நிபந்தனைகள் இருக்கும்.

அளவில் தொடங்கும் சண்டை

பெயின்டிங்கில் தகராறு வருவது பெரும்பாலும் அளவில்தான். 10க்கு 12 அடி அறை என்றால் தரை 120 சதுர அடி. ஆனால் 10 அடி உயரச் சுவர்கள் நான்கும் சேர்ந்தால் 440, சீலிங்கையும் சேர்த்தால் 560. “சின்ன ரூம்தானே” என்று நினைத்தவருக்கு பில் அதிர்ச்சியாக இருக்கும். பெயின்டர் ஏமாற்றவில்லை, யாரும் முன்கூட்டியே டேப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். கதவு, ஜன்னலைக் கழிப்பதா, பட்டி எத்தனை கோட், பிரைமர் உண்டா என்பதை வேலைக்கு முன்பே பேசிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

அடுத்தது, கூலி மட்டுமா, மெட்டீரியலோடு சேர்த்தா? மெட்டீரியலோடு என்றால் அலைச்சல் மிச்சம். ஆனால் எந்த பிராண்ட், எந்த கிரேடு என்று எழுதாவிட்டால் எது வந்து இறங்கும் என்று சொல்ல முடியாது. கூலி மட்டும் என்றால் பொருள் நம் கையில். அப்போதும் “இந்தக் கடையிலதான் வாங்கணும்” என்று அழுத்தம் வரலாம். ஹார்டுவேர் கடைகள் ஆள் கூட்டி வருபவருக்கு கமிஷன் தருவது ஊரறிந்த விஷயம். பெயின்ட் டப்பாவுக்குள் பெயின்டருக்கான டோக்கன் வைப்பதும் பல ஆண்டுப் பழக்கம். இதை மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனால், உங்கள் வீட்டுக்கு இருபது லிட்டர் போதுமா, முப்பது வேண்டுமா என்று சொல்பவருக்கு டப்பா கணக்கில் ஒரு லாபம் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அட்வான்ஸ் எவ்வளவு?

பாதிப் பணத்தை முதல்நாளே கொடுத்துவிட்டு போன் எடுக்காத ஆளைத் தேடுவது ஒரு பக்கம். மறுபக்கமும் உண்டு. வேலை முடிந்ததும் “கலர் சரியில்லை” என்று சொல்லி கடைசிப் பணத்தைக் கொடுக்காத வீட்டுக்காரர்களால் நொந்துபோனவர்கள் இந்தத் தொழிலில் ஏராளம். அட்வான்ஸ் அதிகமாகக் கேட்பதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

இரண்டு பேருக்கும் நியாயமான வழி, பணத்தை வேலையோடு சேர்த்து நகர்த்துவது. பொருளுக்கான பணத்தை நேராகக் கடைக்கே கட்டலாம். கூலியை வேலை முடிய முடியக் கொடுக்கலாம். கடைசியில் ஒரு சிறு பகுதியை, 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், மழை வரை நிறுத்திவைக்கலாம். ஆனால் அதை முதல்நாளே சொல்லி, “நவம்பர் 30 வரை ஒழுகவில்லை என்றால் மீதி” என்று தேதியோடு வாட்ஸ்அப்பில் போட்டு, அவரிடம் “ஓகே” வாங்க வேண்டும். வேலை முடிந்த பிறகு திடீரென்று பிடித்துவைப்பது அநியாயம்.

யுபிஐயில் கொடுப்பது நல்லது, சாட்சி இருக்கும். ஜிஎஸ்டி பில் தரவில்லை என்பதற்காக ஒருவரைச் சந்தேகிக்க வேண்டாம்; சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருப்பவர் பொதுவாக ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஜிஎஸ்டி என்று தனியாகப் பணம் கேட்டால், பில்லில் 15 இலக்க எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு 33ல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெயர் வந்துவிடும்.

லைசென்ஸ் கேட்க வேண்டிய வேலை

கொத்தனார், பெயின்டர், கார்பென்டரிடம் காட்டச் சொல்ல லைசென்ஸ் எதுவும் கிடையாது. எலக்ட்ரீஷியன் கதை வேறு. பல்பு, ஃபேன், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலை தவிர, வயரிங் வேலையை உரிமம் பெற்ற கான்ட்ராக்டர்தான், தகுதிச் சான்று உள்ளவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பது விதி. தமிழ்நாட்டில் இவற்றை வழங்க மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். குறிப்பாக, ஷாக் அடிக்கும்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்றால், கசிவைக் கண்டுபிடிக்காமல் அதை பைபாஸ் செய்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு வேலை முடிந்த மாதிரி இருக்கும். அப்படிச் செய்பவரை உடனே வெளியே அனுப்பலாம்.

இன்னொரு விஷயத்தில் வீட்டுக்காரர்தான் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். செப்டிக் டேங்குக்குள் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். “அவரே இறங்கிட்டார்” என்பது காப்பாற்றாது. லாரிக்குத்தான் சொல்ல வேண்டும்.

ஏமாந்துவிட்டால்?

காசு வாங்கிச் செய்த வேலை மோசமாக இருந்தால் அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ன்படி சேவைக் குறைபாடு. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, ஆன்லைனிலும் வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயம் இல்லை, கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

பல புகார்கள் தடுக்கி விழுவது இதற்கெல்லாம் முன்னாடியே. நோட்டீஸ் அனுப்ப முழுப் பெயரும் முகவரியும் வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய் வேலை கொடுத்தவரின் போனில் “பெயின்டர் அண்ணா 2” என்று மட்டும்தான் இருக்கும். நம்பர் சுவிட்ச் ஆஃப். அட்வான்ஸ் அனுப்பும் அன்றே ஆளின் பெயரையும் வீட்டு முகவரியையும் கேட்டு வாங்கிவிடலாம். தயங்காமல் தருபவர், பெரும்பாலும் மழைக்குப் பிறகும் போன் எடுப்பார்.