பக்கத்து வீட்டை விழுங்கலாமா?

இலங்கையில் ஏதாவது ஒன்று நடந்தால் போதும். தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் யாராவது ஒருத்தர் பேப்பரை மடித்தபடியே ஆரம்பித்து விடுவார்.

"பேசாம இந்தியாவே அதை எடுத்துக்கிட்டா என்ன சார்? இத்தனூண்டு தீவு. ஒரே நாள்ல முடிஞ்சு போயிடும்!"

எதிரே இருப்பவர் தலையாட்டுவார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர், "சிக்கிமை சேர்த்துக்கலையா?" என்று ஒத்து ஊதுவார். மாம்பலம் வருவதற்குள் இலங்கை இந்தியாவின் ஒரு மாநிலம் ஆகிவிடும்!

இந்தப் பேச்சு புதிதல்ல. 1983-ல் கொழும்பில் தமிழர் கடைகள் எரிந்தபோது பேசினார்கள். 2009-ல் முள்ளிவாய்க்காலில் பிணங்கள் குவிந்தபோது பேசினார்கள். 2022-ல் அங்கே ஜனங்கள் பெட்ரோலுக்கும் காஸுக்கும் கியூவில் நின்றபோதும் பேசினார்கள். அந்த வருஷம் மே மாதம், இந்தியப் பட்டாளம் வருகிறது என்ற வதந்தியை கொழும்பில் உள்ள இந்தியத் தூதரகமே மறுத்து அறிக்கை விட வேண்டி வந்தது.

ஆத்திரத்தில் பேசுவது வேறு. கணக்குப் பார்ப்பது வேறு. கடை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பக்கத்துக் கடை நொடித்துப் போனால் வளைத்துப் போட ஆசை வரும். ஆனால் அந்தக் கடைக்கு எவ்வளவு கடன், உள்ளே யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் சம்மதிப்பார்களா என்று விசாரிக்காமல் கை வைத்தவன், தன் கடையையும் சேர்த்து இழப்பான்.

அந்த விசாரணையைச் செய்து பார்த்தால் என்ன தெரிகிறது?

இத்தனூண்டு தீவா?

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோ மீட்டர். தமிழ்நாட்டில் சரிபாதி. ஜனத்தொகை 2 கோடிக்கு மேல். 2012 கணக்கெடுப்புப்படி நூற்றுக்கு 75 பேர் சிங்களவர். இலங்கைத் தமிழர் 11 பேர். மலையகத் தமிழர் 4 பேர். முஸ்லிம்கள் 9 பேர்.

ஆக, "எடுத்துக்கிட்டா என்ன" என்பதற்கு அர்த்தம் இதுதான். ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட சிங்களவர்களை அவர்கள் விருப்பம் இல்லாமல் இந்தியப் பிரஜை ஆக்க வேண்டும். அவர்கள் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார ஆள் அனுப்ப வேண்டும். அவர்கள் கோர்ட்டு, பள்ளிக்கூடம், வரி, ரேஷன் எல்லாவற்றையும் டில்லியில் இருந்து நடத்த வேண்டும். பட்டாளம் ஒரே நாளில் உள்ளே போய்விடலாம். மறுநாள் காலையில் யார் சொல்லி எவன் கேட்பான்?

சிக்கிம் கதை வேறு. 1950-லேயே அதன் பாதுகாப்பும் வெளிநாட்டு விவகாரமும் ஒப்பந்தப்படி இந்தியாவின் கைக்கு வந்து விட்டன. அங்கே இருந்த ஜனம் இரண்டு லட்சம் சொச்சம். 1975-ல் அங்கே ஜன வாக்கெடுப்பு நடந்து, அது 22-வது மாநிலம் ஆயிற்று. அந்த வாக்கெடுப்பு பற்றிக்கூட அன்றே கேள்வி எழுந்தது. இலங்கையோ 1948-ல் சுதந்திரம் பெற்ற நாடு. 1955 முதல் ஐ.நா. சபையில் உட்கார்ந்திருக்கும் நாடு. சிக்கிமையும் இலங்கையையும் ஒரே தராசில் போட முடியாது.

சென்னை ஆண்ட இலங்கை!

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. இலங்கையின் கரையோரப் பகுதிகளை ஒரு தடவை சென்னையில் இருந்தே ஆண்டு பார்த்தாயிற்று!

1796-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அந்தப் பகுதிகளை டச்சுக்காரர்களிடம் இருந்து பிடித்தது. நிர்வாகத்தைச் சென்னைக் கோட்டையிடம் விட்டது. இங்கிருந்து அமுல்தார்களும் துபாஷிகளும் கப்பல் ஏறினார்கள். உள்ளூரில் காலங்காலமாக இருந்த தலைவர்களை ஒதுக்கித் தள்ளினார்கள். தென்னை மரத்துக்கு வரி போட்டார்கள்.

தென்னந்தோப்பை நம்பிப் பிழைக்கிற ஜனங்கள் பொறுப்பார்களா? 1797-ல் கலவரம் வெடித்தது. வரியை எடுக்க வேண்டி வந்தது. அமுல்தார்களைத் திருப்பி அழைக்க வேண்டி வந்தது. 1798-ல் தனிக் கவர்னர் வந்தார். 1802-ல் சென்னையின் பிடி அடியோடு விட்டது.

கடலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பக்கத்து மரத்துக்கு வரி போடுகிறவனுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பது இருநூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்து போன விஷயம்.

கூப்பிட்டுப் போயே இந்தக் கதி!

அதைவிடப் பெரிய பாடம் 1987.

அந்த வருஷம் ஜூலை 29-ந் தேதி பிரதமர் ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டனர். இந்தியா படையெடுத்துப் போகவில்லை. அந்த நாட்டுச் சர்க்கார் சம்மதித்துத்தான் அமைதிப் படை போயிற்று. தமிழர்களைக் காப்பாற்றத்தான் போயிற்று. யாழ்ப்பாணத்தில் ஜனங்கள் மாலை போட்டு வரவேற்றார்கள்.

பிறகு நடந்தது என்ன?

கையெழுத்தான மறுநாளே, அணிவகுப்பு மரியாதை ஏற்ற ராஜீவை ஒரு சிங்களக் கடற்படைச் சிப்பாய் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அடித்தான். அக்டோபரில் அமைதிப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை மூண்டது. அதே மாதம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த இந்தியச் சிப்பாய்கள் சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மாலை போட்ட கைகளே மண்ணை வாரித் தூற்றின.

தெற்கே வேறு தீ. ஜே.வி.பி. கட்சி "இந்தியன் வந்துட்டான்" என்று சிங்கள இளைஞர்களைக் கிளப்பியது. இந்தியச் சாமான் விற்கக்கூடாது என்று கடைக்காரர்களை மிரட்டியது. அந்தக் கிளர்ச்சியிலும், அதை அடக்கிய சர்க்காரின் வேட்டையிலும் செத்த சிங்களவர்களே பல்லாயிரம் பேர்.

உச்ச கட்டத்தில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் அங்கே இருந்தனர். வடக்கு – கிழக்கு என்ற ஒரு மூலையைக்கூட அடக்கி ஆள முடியவில்லை. 1,100-க்கும் அதிகமானவர்கள் உயிரை விட்டனர். புதிய ஜனாதிபதி பிரேமதாசா "போங்கள்" என்றார். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் திரும்பியது. சென்னைத் துறைமுகத்துக்கு வரவேற்கப் போக அன்றைய முதலமைச்சர் மறுத்து விட்டார். 1991 மே 21-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் கொல்லப்பட்டார்.

கூப்பிட்டுப் போனதற்கே இந்த விலை. கூப்பிடாமல் போனால்?

அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று. யாருக்காகப் போனார்களோ அந்தத் தமிழர்களுக்கு என்ன கிடைத்தது? இரண்டு பக்கமும் அடி. டில்லி ஒரு அடி எடுத்து வைத்தால், கொழும்பில் கோபப்படுகிறவன் டில்லிக்குப் போய்க் கல் எறிய மாட்டான். பக்கத்துத் தெருவில் இருக்கிற தமிழன் கடை மேல்தான் எறிவான். ரயிலில் பேசுகிறவருக்கு ஒரு கீறலும் விழாது. விலை கொடுப்பது வவுனியாவில் இருப்பவரும் மட்டக்களப்பில் இருப்பவரும்தான்.

விழுங்கியவன் கக்கிய கதை

வெளிநாட்டு உதாரணமும் இருக்கிறது. கிழக்கு திமோர் என்பது ஒரு தீவின் பாதி. போர்ச்சுகல்காரன் விட்டுப் போனதும், பக்கத்தில் இருந்த பெரிய நாடான இந்தோனேஷியா 1975 டிசம்பரில் பட்டாளத்தை இறக்கியது. அடுத்த வருஷமே "எங்கள் 27-வது மாகாணம்" என்று அறிவித்தது.

இருபத்து நாலு வருஷம் பிடித்து வைத்திருந்தது. சண்டையிலும் பட்டினியிலும் செத்தவர்கள் குறைந்தது ஒரு லட்சம் பேர் என்று பின்னால் அமைத்த விசாரணைக் கமிஷன் சொன்னது. கடைசியில் 1999-ல் ஐ.நா. வாக்கெடுப்பு நடத்தியது. நூற்றுக்கு 78 பேர் "உங்கள் சகவாசமே வேண்டாம்" என்று ஓட்டுப் போட்டார்கள். 2002-ல் அது தனி நாடு ஆயிற்று. இந்தோனேஷியாவுக்கு மிச்சம், செலவும் கெட்ட பெயரும்!

"சீனாக்காரன் வந்துடுவானே?"

இது சும்மா தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017-ல் 99 வருஷக் குத்தகைக்கு சீனக் கம்பெனி எடுத்தது உண்மை. தெற்கு வாசலில் அன்னியன் வந்து உட்கார்ந்தால் இந்தியா கவலைப்பட வேண்டியதுதான்.

ஆனால் அதற்கு மருந்து என்ன? பக்கத்து வீட்டுக்காரனை மிரட்டினால் அவன் தூரத்து ரவுடியைத்தான் துணைக்குக் கூப்பிடுவான். சின்ன நாடு பயந்தால் பெரிய நாட்டின் விரோதியிடம் போகும். இது தெருச் சண்டையிலும் உண்டு, தேசச் சண்டையிலும் உண்டு.

2022-ல் நடந்ததைப் பார்க்க வேண்டும். இலங்கை கஜானா காலி. இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் உதவியும் கொடுத்தது. பெட்ரோல் போயிற்று, மருந்து போயிற்று. மே 18-ந் தேதி சென்னையில் இருந்து தமிழ்நாட்டு அரசின் முதல் கப்பல் 9 ஆயிரம் டன் அரிசியோடு புறப்பட்டது. தமிழருக்கு மட்டும் என்று அல்ல, எல்லாருக்கும் போயிற்று.

பலன்? "இந்தியச் சாமான் விற்காதே" என்று ஒரு காலத்தில் மிரட்டிய அதே ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024-ல் ஜனாதிபதி ஆனார். அவர் முதலில் போன வெளிநாடு இந்தியா! இலங்கை மண்ணை இந்தியாவுக்கு விரோதமாகப் பயன்படுத்த விட மாட்டோம் என்று டில்லியில் வைத்தே வாக்குக் கொடுத்தார். 70 ஆயிரம் துப்பாக்கி சாதிக்காததை அரிசி மூட்டை சாதித்தது.

கையில் இருக்கும் வேலை

"அப்படின்னா சும்மா இருக்கச் சொல்றீங்களா?" என்று கேட்கலாம். இல்லவே இல்லை. செய்ய வேண்டிய வேலை மலை போல் கிடக்கிறது. அதற்குப் பட்டாளம் தேவை இல்லை, ஃபைல் நகர்ந்தால் போதும்.

முதலாவது, இங்கேயே இருக்கிற அகதிகள். 2021 கணக்குப்படி தமிழ்நாட்டு முகாம்களில் மட்டும் சுமார் 58 ஆயிரம் பேர். முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே வளர்ந்து, தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் அவர்களில் உண்டு. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடம் இல்லை. முகாமின் பெயரை 2021-ல் "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றினார்கள். பெயர் மாறினால் போதுமா? ஒரு நாட்டையே சேர்த்துக்கொள்ளலாம் என்று பேசுகிறவர்கள், ஏற்கெனவே வந்து கதவைத் தட்டியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் வழியை முதலில் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மீனவர். ராமேசுவரத்து விசைப்படகு எல்லை தாண்டினால் இலங்கைக் கடற்படை பிடிக்கிறது. வயிற்றுப் பிழைப்புக்குப் போனவன் ஜெயிலில் கிடப்பது பெரிய கொடுமை. ஆனால் அந்த இழுவை மடியால் வலை அறுந்து நிற்கிற யாழ்ப்பாணத்து மீனவனும் தமிழன்தான். இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பேசி முடிக்க வேண்டிய வழக்கு இது. தேசப் படத்தில் கோட்டை அழித்தால் மட்டும் கடலில் மீன் பெருகி விடாது.

மூன்றாவது, மாகாண சபை. 1987 ஒப்பந்தத்தால் வந்த ஒரே உருப்படியான காரியம் அது. வடக்கு மாகாண சபைக்கு 2013-ல்தான் முதல் தேர்தல் நடந்தது. 2018-ல் அதன் காலம் முடிந்தது. பிறகு வருஷக் கணக்கில் பூட்டித்தான் கிடந்தது. கையெழுத்துப் போட்ட நாடு என்ற முறையில், "வாக்குக் கொடுத்ததைச் செய்" என்று கேட்க இந்தியாவுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை உரக்கக் கேட்டு வாங்க வேண்டும்.

இவை மூன்றிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 1964-ல் டில்லியும் கொழும்பும் உட்கார்ந்து மலையகத் தமிழர்களைப் பங்கு போட்டன. 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று முடித்தன. தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஜனங்கள் குடும்பம் பிரிந்து கப்பல் ஏறியதை நீலகிரியில் இன்றும் சொல்லி அழுகிற கிழவிகள் உண்டு. ஜனங்களைக் கேட்காமல் போடுகிற கணக்கு எல்லாம் கடைசியில் இப்படித்தான் முடியும். நாட்டைச் சேர்ப்பது என்பது அதைவிடப் பெரிய அளவில் அதே தப்பு.

ஒரு காலத்தில் எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கே கப்பல் ஏறினால் தலைமன்னார். மறுபடி ரயில் பிடித்தால் கொழும்பு. 1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்ற பிறகும், 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை, அந்த ரயில் ஓடியது. இரண்டும் தனித்தனி நாடுதான். ஆனாலும் வியாபாரி போனான், சினிமாப் பெட்டி போயிற்று, கல்யாணச் சம்பந்தம் வந்தது.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு மறுபடி கப்பல் விட்டார்கள். அதுதான் சரியான பாதை.

கப்பல் போகட்டும். பட்டாளம் போக வேண்டாம்!