ஒரு சொட்டு எண்ணெய் போதும்!

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



ஆயுத பூஜை அன்று நம்ம ஒர்க்‌ஷாப் லேத்தைப் பார்த்திருப்பீர்கள். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கல்யாணப் பெண் மாதிரி நிற்கும். மற்ற 364 நாள்? சுருள் சுருளாக இரும்புச் சீவல், காய்ந்துபோன கிரீஸ், தூசி! பூஜை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பராமரிப்பு என்பது வருஷத்துக்கு ஒருநாள் பண்டிகையா என்பதுதான் என் கேள்வி.

"அதெல்லாம் மெக்கானிக் வேலைப்பா, நாம டிப்ளமோ ஹோல்டர்!" என்று நம்மிலேயே பலர் பேசுகிறார்கள். இந்த எண்ணம் தவறு என்பது என் கருத்து. அதற்குச் சாட்சியாக உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன இயந்திரத்தை அழைக்கிறேன். அதன் பெயர் ஃப்ளை ரீல்.

இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப் பூச்சியைக் காட்டி மீனை ஏமாற்றிப் பிடிப்பதுதான் ஃப்ளை ஃபிஷிங். வெள்ளைக்காரன் கொண்டுவந்த பொழுதுபோக்கு. நம் நீலகிரிக்கும் இதில் பங்கு உண்டு. அவலாஞ்சியில் 1907-ல் ட்ரவுட் மீன்குஞ்சுப் பொரிப்பகமே தொடங்கினார்கள்.

குன்னூரில் இருக்கும் என் தாய்மாமாவிடம் ஒரு பழைய ரீல் உண்டு. சுற்றவில்லை என்று ஒரு கடையில் காட்டினார். "ஸ்பேர் கிடைக்காது, தூக்கிப் போடுங்க சார்" என்று ஒரே வரியில் தீர்ப்பு! லீவில் போனபோது நானும் மாமாவும் பழைய வேட்டியை விரித்து அதைத் திறந்தோம். உடைந்த பாகம் ஒன்றுகூட இல்லை. கிரீஸ் மெழுகாக இறுகி, அதில் மணல் சேர்ந்து, ஸ்பிண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தது. வியாதி அவ்வளவுதான். ஒரு சாயங்கால வேலை. ஓடுகிற பொருளைக் குப்பைக்கு அனுப்பச் சொன்னது ஸ்பேர் இல்லாமை அல்ல, திறந்து பார்க்காமை!

இந்த வகை ரீலில் பெரும்பாலும் வேகத்தைக் கூட்டும் கியர் கிடையாது. கைப்பிடி ஒரு சுற்று என்றால் ஸ்பூலும் ஒரு சுற்று. நடுவில் ஸ்பிண்டில், மீன் இழுக்கும்போது நூல் தறிகெட்டு ஓடாமலிருக்க ஒரு பிரேக். பழைய ரீலில் அது ஸ்பிரிங் வைத்த பால். பற்சக்கரத்தில் தட்டி 'டிக் டிக்' என்று பேசும். புதியதில் டிஸ்க். இங்கிலாந்தின் ஹார்டி நிறுவனம் 1891-ல் வெளியிட்ட 'பெர்ஃபெக்ட்' ரீலிலேயே பால் பேரிங் வந்துவிட்டது. அமெரிக்காவின் சார்லஸ் ஆர்விஸ் 1874-ல் காப்புரிமை பெற்ற ரீலின் பக்கங்களில் வரிசையாகத் துளைகள் இருக்கும். எடையும் குறையும், நனைந்த நூலும் காயும். வரைபடம் போடும்போதே பராமரிப்பை நினைத்திருக்கிறார் மனுஷன்!

சரி, வீட்டில் எப்படிச் செய்வது? முதலில் பிரேக்கை முழுக்கத் தளர்த்தி, ஸ்பூலைக் கழற்றுங்கள். கழற்றிய வரிசையிலேயே பாகங்களைத் துணியில் அடுக்குங்கள். மாட்டும்போது தலைகீழ் வரிசை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய டூத்பிரஷ் போதும். பைப்பை வைத்துப் பீய்ச்சாதீர்கள், மணல் வெளியே வராமல் உள்ளே போகும். பெட்ரோல், தின்னர் பக்கமே போகவேண்டாம், நூலின் பிளாஸ்டிக் பூச்சு கெட்டுவிடும். கடலில் பயன்படுத்திய ரீல் என்றால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவவேண்டும். அலுமினிய உடம்பு, எஃகு ஸ்க்ரூ, நடுவில் உப்புத் தண்ணீர். முதலாண்டு வேதியியலில் படித்த அரிமானம் இதுதானே?

ராத்திரி முழுக்கக் காயவிட்டு, பழைய கிரீஸைத் துணியால் வழித்தெடுத்த பிறகுதான் புதுசு. பேரிங்குக்கு மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு. பாலுக்கும் பற்சக்கரத்துக்கும் மெல்லிய கிரீஸ் பூச்சு. ஒரு பக்கம் மட்டுமே சுற்றும் கிளட்ச் பேரிங்கில் கெட்டி கிரீஸை அப்பினால் அது பிடிக்காமல் வழுக்கும். கார்க் டிஸ்க்கில், தயாரித்தவர் சொல்லாத எண்ணெயை விட்டால் பிரேக்கே போச்சு. சீல் செய்த பிரேக்கைத் திறக்கவே கூடாது. எதைத் தொடக்கூடாது என்று தெரிவதும் படிப்புதான்! வேலை முடிந்ததும் பிரேக்கைத் தளர்த்தியே வையுங்கள். இறுக்கியே வைத்தால் டிஸ்க் அமுங்கிப் பிடிப்பு கெடும்.

"பணக்காரன் மீன் பிடிக்கிற சாமான், நமக்கென்னப்பா?" என்று கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள். உராய்வு, மசகு, அரிமானம், பேரிங், கிளட்ச் என்று நாம் தனித்தனிப் பாடமாகப் படித்ததெல்லாம் இந்த ஒரு டப்பாவுக்குள் ஒன்றாகக் குடியிருக்கிறது. ரீல் இல்லையா? தையல் மிஷின் இருக்கிறது, சைக்கிள் ஹப் இருக்கிறது. பாடம் ஒன்றுதான்.

ஒர்க்‌ஷாப்பில் ஜாப் செய்தால் மார்க் உண்டு. மிஷினைச் சுத்தமாக விட்டுப்போனால் மார்க் உண்டா? மார்க் இல்லாத வேலையை யார் செய்வார்? நாளைக்கு நாம் போகிற கம்பெனியில் ஒரு மிஷின் நின்றால் முதல் குரல் நமக்குத்தான் வரும். அப்போது "தூக்கிப் போடுங்க சார்" என்று சொல்வதற்கா மூன்று வருஷம் படித்தோம்?

ஆகவே, நம் மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை ஒன்றே. மாதம் ஒரு சனிக்கிழமை, அவரவர் வீட்டில் ஓடாமல் கிடக்கும் ஒரு பொருளைக் கொண்டுவந்து ஆசிரியர் முன்னிலையில் திறந்து, துடைத்து, மாட்டிப் பார்க்க ஒர்க்‌ஷாப்பைத் திறந்துவிடக் கேளுங்கள். செலவு? கொஞ்சம் சோப்பு, பழைய துணி, ஒரு டப்பா கிரீஸ்.

புதுசாகச் செய்பவனைக் கைதட்டிப் பாராட்டுவோம். இருப்பதைக் காப்பாற்றுபவனையும் பாராட்டக் கற்றுக்கொள்வோம், தோழர்களே!