மடியில் கனம் இருக்கிறது

"மடியில கனமில்லன்னா வழியில பயமில்ல." செல்போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒழுங்கான பூட்டுப் போடுங்கள் என்று சொன்னால் நம்ம தோழர்கள் உடனே எடுத்துவிடுகிற பழமொழி இது. "நம்மகிட்ட மறைக்கதுக்கு என்ன தோழர் இருக்கு? நாம என்ன களவா பண்ணுதோம்?" கேட்க வீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது யாருடைய பழமொழி? வழியில் தன்னை எவனும் மறிக்கமாட்டான் என்ற உத்தரவாதம் உள்ளவனுடையது. செருப்புப் போட்டு நடந்ததற்கே அடி வாங்கிய சனத்துக்கு, மடி வெறுமையாகக் கிடந்தபோதும் வழியில் பயம் இருந்தது.

இன்றைக்கு மடியில் கனமும் இருக்கிறது. வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டவரின் பெயர். அவர் யாருடைய வயலில் கூலிக்குப் போகிறார் என்ற விவரம். சாதி மறுத்துக் கல்யாணம் முடித்த பிள்ளைகள் எந்த ஊரில் வாடகைக்கு இருக்கிறார்கள் என்ற முகவரி. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் வாக்குமூலம், மருத்துவச் சான்று. இத்தனையும் ஒரு தோழரின் செல்போனில். அந்தப் போனுக்குக் கடவு எண் 1234!

2022 செப்டம்பரில் இதே தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். திண்பண்டம் வாங்க வந்த நம் பள்ளிப் பிள்ளைகளை 'ஊர்க்கட்டுப்பாடு, உங்களுக்குக் குடுக்க முடியாது' என்று கடைக்காரன் திருப்பி அனுப்பினான். பழைய வழக்கை வாபஸ் வாங்க மறுத்ததற்குத் தண்டனை! அதை வீடியோ எடுத்துப் பரப்பியதும் அந்தத் தரப்புதான். பிறகு கைது, கடைக்குச் சீல் எல்லாம் நடந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாதித் திமிருக்கு மறைவு தேவைப்படவில்லை. முகத்தைக் காட்டிக்கொண்டே பேசியது. மறைவு தேவைப்பட்டது அந்தப் பிஞ்சுகளின் முகத்துக்கு. அது கிடைக்கவில்லை. நாடெங்கும் சுற்றியது.

2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டத்தின் 15ஏ பிரிவு, சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைத்துவைக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. நீதிமன்றமே மறைக்கலாம் என்று சட்டம் சொல்லும் பெயரை, பூட்டில்லாத போனில் போட்டுக்கொண்டு திரிவது எந்த ஊர் வீரம்?

ஹேக்கர் என்றதும் எங்கோ வெளிநாட்டில் இருட்டறையில் உட்கார்ந்திருப்பவன் என்று நினைப்பு. தென்காசியில் கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுதும் அவசரத்தில் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பைத் திறந்துவிட்டு, மூடாமல் வந்தால் போதும். அடுத்து உட்காருகிறவன்தான் ஹேக்கர். சீசனுக்குக் குற்றாலம் போகிறவர்கள் போனைப் பாலிதீன் பையில் சுற்றிப் பத்திரப்படுத்துகிறார்கள். பிறகு யாரோ ஒருவர் கையில் கொடுத்துவிட்டு மெயினருவிக்குள் போகிறார்கள். தண்ணீருக்குப் பயப்படத் தெரிகிறது. மனுசனுக்குப் பயப்படத் தெரியவில்லை.

பெரிய அளவில் இது எங்கே போய் முடியும் என்பதற்குப் பீமா கோரேகான் வழக்கு இருக்கிறது. 1818 போரின் 200ஆவது ஆண்டை நினைவுகூரத் திரண்ட தலித்துகள் 2018 ஜனவரி 1 அன்று தாக்கப்பட்டார்கள். கடைசியில் சிறைக்குப் போனவர்கள் யார்? 'வித்ரோஹி' இதழாசிரியர் சுதிர் தாவ்லே, நாக்பூர் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங், ரோனா வில்சன், ஆனந்த் தெல்தும்டே, திருச்சி மண்ணில் பிறந்து ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டேன் சாமி. வில்சனின் கம்ப்யூட்டருக்குள் 2016 ஜூனிலேயே 'நெட்வயர்' என்ற கள்ள மென்பொருள் புகுந்து, 22 மாதம் உள்ளேயே இருந்து, கடிதங்களைச் சொருகியது என்று அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் 2021இல் அறிக்கை கொடுத்தது. ஸ்டேன் சாமியின் கம்ப்யூட்டர் பற்றியும் 2022 டிசம்பரில் அப்படியே சொன்னது. என்.ஐ.ஏ. இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டேன் சாமி 2021 ஜூலை 5 அன்று கைதியாகவே செத்தார். தாவ்லேயும் வில்சனும் ஆறரை வருசம் கழித்து 2025 ஜனவரியில் ஜாமீனில் வந்தார்கள், விசாரணையே தொடங்காமல்.

இதில் பாடம் இரண்டு. தகவலைத் திருடுவது மட்டுமல்ல, இல்லாத தகவலை உள்ளே வைக்கவும் முடியும். அடுத்தது, பூட்டு மட்டும் போதாது. வில்சனுக்கு வந்த மின்னஞ்சல் தெரிந்த தோழரின் கணக்கிலிருந்து வந்தது. இணைப்பைத் திறந்தார், திருடன் உள்ளே வந்துவிட்டான். வீட்டுக்குள் வந்தவனுக்கு வாசல் பூட்டு ஒரு தடையா? ஆகவே தோழர் பெயரில் வந்தாலும், எதிர்பாராத கோப்பைத் திறக்குமுன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

என்கிரிப்ஷன் என்பது மந்திரமல்ல. எழுத்தைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி உருக்குலைத்து வைப்பது, அவ்வளவுதான். தமிழில் மறையாக்கம் என்கிறார்கள். பொருத்தமான பேர்! வேதத்துக்கும் மறை என்றுதானே பேர்? அதைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்னது தர்மசாஸ்திரம். ரகசியத்தை ஆயுதமாக்கி ஆண்டது அவர்கள். ஒளிவுமறைவின்மையை நமக்கு மட்டும் ஒழுக்கமாகப் போதிப்பதும் அவர்கள்.

செய்யவேண்டியது பெரிய வித்தை இல்லை. இப்போதைய போன்கள் தாமாகவே மறையாக்கம் செய்கின்றன. ஆனால் அதன் வலு நீங்கள் வைக்கும் கடவுச்சொல்லில் இருக்கிறது. பிறந்த தேதி வேண்டாம், நீளமாக வையுங்கள். மெமரி கார்டில் வழக்கு விவரம் வைக்காதீர்கள். கழற்றி வேறு போனில் போட்டாலே பெரும்பாலும் படித்துவிடலாம். கம்ப்யூட்டருக்கும் பென் டிரைவுக்கும் 'வெராகிரிப்ட்' இலவசமாகக் கிடைக்கிறது. வாட்ஸ்அப் செய்தி போகும் வழியில் 2016 முதல் மறையாக்கம் இருக்கிறது. ஆனால் கூகுளில் சேமிக்கிற நகலுக்கு அதை நீங்கள்தான் போய் இயக்கவேண்டும். இணைத்த கருவிகள் பட்டியலை வாரம் ஒருமுறை பாருங்கள். தேவை முடிந்ததை அழியுங்கள். இல்லாத தகவலை எவனும் திருட முடியாது.

"குற்றம் செய்கிறவனைப் பிடிக்க வேண்டாமா?" என்று அரசு கேட்கிறது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்டச் சொல்கின்றன. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போவோம் என்று 2024 ஏப்ரலில் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வாட்ஸ்அப் சொன்னது. அந்தக் கம்பெனி நமக்குத் தோழன் இல்லை. ஆனாலும் கேட்போம்: பாஞ்சாகுளத்தில் எந்தப் பூட்டை உடைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்தீர்கள்? எல்லாத் தகவலையும் எங்களிடம் கொடுங்கள் என்கிற தமிழகக் காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள்ளேயே 2024 மே மாதம் ஆள் புகுந்துவிட்டான். தன் வீட்டைப் பூட்டத் தெரியாதவர்களிடம் நம் வீட்டுச் சாவியையும் கொடுக்கவேண்டுமாம்! அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். அது பங்களாக்காரனுக்கு மட்டும் எழுதிய தீர்ப்பா?

மாணவத் தோழர்களே, சங்கத்தில் மைக் கட்டவும் சுவரொட்டி ஒட்டவும் ஆள் இருக்கிறது. இதைக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். அந்த வேலை உங்களுடையது. சாட்சி சொல்ல வருகிற ஆத்தா நம்மை நம்பித்தான் தன் பேரைச் சொல்லுகிறாள். அந்தப் பேர் கசிந்தால் அடி விழுவது மேடையில் பேசுகிறவன் முதுகில் அல்ல, அவள் முதுகில். நம் மடியில் இருக்கிற கனம் அவளுடையது. இறுக்கி முடிந்துகொண்டு நடப்போம்.