உயிர் தப்பினால் மட்டும் போதுமா?



ஒரு தலைவரைச் சுட்டார்கள், பிழைத்துக்கொண்டார் என்றால் நாம் என்ன சொல்கிறோம்? "ஆயுசு கெட்டி" என்கிறோம். தேங்காய் உடைக்கிறோம். அதோடு கதை முடிஞ்சது. கதை அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

1981 மார்ச் 30. வாஷிங்டனில் ஒரு ஹோட்டல் வாசல். கூட்டத்தில் பேசிவிட்டு வெளியே வந்த அமெரிக்க ஜனாதிபதி ரீகனை நோக்கி, ஜான் ஹிங்க்லி என்ற இளைஞன் ஆறு முறை சுட்டான். இரண்டே வினாடிக்குள் எல்லாம் முடிந்தது. மெக்கானிக்கல் பசங்க இதைக் கவனியுங்கள்: ரீகன் மீது ஒரு குண்டும் நேராகப் படவில்லை. அவரைக் காக்க வேண்டிய காரிலேயே பட்டுத் தெறித்த குண்டுதான் அவர் நுரையீரலைத் துளைத்தது! 70 வயதிலும் பிழைத்தார். டாக்டர்களிடம் அவர் ஜோக் அடித்ததை உலகமே ரசித்தது.

சரி, அதே வாசலில் விழுந்த மற்ற மூன்று பேர்? ஒருவர் போலீஸ்காரர், ஒருவர் மெய்க்காவலர். மூன்றாமவர் பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிராடி. அவருக்குத் தலையில் குண்டு. 2014-இல் இறக்கும்வரை ஊனத்தோடுதான் வாழ்ந்தார்.

"கிறுக்கன் செய்ததற்கு யார் என்ன பண்ண முடியும்?" என்று கேட்கலாம். 1980 அக்டோபரில் ஒரு விமான நிலையத்தில் துப்பாக்கிகளோடு பிடிபட்டவன்தான் இந்த ஹிங்க்லி. துப்பாக்கிகளைப் பறித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். சில நாளிலேயே ஒரு அடகுக் கடையில் புதுத் துப்பாக்கி வாங்கிவிட்டான்! கோளாறு அவனிடம் மட்டுமா?

இதைக் கேட்டவர்கள் பிராடியும் அவர் மனைவி சாராவும். கைத்துப்பாக்கி வாங்க வருபவரின் பின்னணியை விசாரித்த பிறகே விற்க வேண்டும் என்று வருடக்கணக்கில் போராடினார்கள். பதவியில் இருந்தவரை இதற்குத் துணை நிற்காத ரீகனே 1991-இல் ஆதரித்து எழுதினார். 1993-இல் பிராடி பெயரிலேயே சட்டம் வந்தது. அதனால் அங்கே துப்பாக்கிச் சூடு நின்றுவிட்டதா? இல்லை. ஆனால் கடைக்காரர் கேள்வி கேட்காமல் விற்கிற வழி அடைபட்டது.

இது நமக்கு எதுக்கு என்கிறீர்களா? என் அப்பா வேலை பார்க்கிற பட்டறையில் பவர் பிரஸ்ஸில் ஒருத்தர் கை மாட்டி, விரலோடு தப்பினார். முதலாளி சாமிக்குப் படையல் போட்டார். மறுநாள் அதே பிரஸ், கார்டு இல்லாமலேயே ஓடியது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். நாளைக்கு நாம்தானே சூப்பர்வைசர்கள்? தப்பித்தவரைப் பார்த்துச் சந்தோஷப்படுவோம், தப்பில்லை. ஆனால் அன்றைக்கே மிஷினை நிறுத்திவிட்டு, கார்டு எங்கே என்று கேட்போம். தனியாகக் கேட்கப் பயமா? சேர்ந்து கேட்போம்!

சிந்தியுங்கள் நண்பர்களே!

— இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை