முகாம் வண்டிக்கு எந்த வேன்?

முசரவாக்கம் பக்கம் மருத்துவ முகாமுக்கு வேன் வாங்கித் தர நினைக்கும் நண்பர்களே, முன்பணம் கட்டும் முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

எல்லாரும் குதிரைத்திறன் எவ்வளவுன்னு கேக்குறீங்க. நான் கேட்பது படியோட உயரம். காலமெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்த முழங்கால் அதுல ஏறணுமே!

டாடா விங்கர் முன்சக்கர இழுவை. பின்னச்சுக்குப் போகும் நீளத் தண்டு அடியில் கிடையாது, அதனால தளத்தைத் தாழ்வா வைக்க முடியுது. ஃபோர்ஸ் டிராவலர் பின்சக்கர இழுவை. சுமையோட மேடு ஏற அதுதான் கெட்டி. ஜவ்வாது மலைன்னா யோசிக்காம அதை வாங்குங்க. இங்க சமவெளிதானே? என் ஓட்டு விங்கருக்கு.

இன்னொண்ணு. ஏசிக்கும் இன்சுலின் குளிர்பெட்டிக்கும் மணிக்கணக்கா இன்ஜினை ஓடவிடாதீங்க. பிஎஸ்-6 டீசல் வண்டியில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கு. நின்ன இடத்துலயே ஓடினா சூடு பத்தாம அடைச்சுக்கும். தனி பேட்டரி, இன்வெர்ட்டர் முதல்லயே போட்டுடுங்க. வண்டி பட்டறையில நின்னா அந்த வாரம் பிரஷர் மாத்திரை யார் வீட்டுக்கும் போகாது.