கணினிக்குள்ளே ஒரு மின்சாரப் பசி



"உம்மா, கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வாங்கித் தாங்க" என்று பிள்ளை கேட்கிறானா? விலையை மட்டும் விசாரித்துவிட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது எவ்வளவு மின்சாரம் குடிக்கும், அதை எங்கிருந்து எடுக்கும் என்பதையும் கேட்டறிந்து கொள்ளுங்கள்.

திரையில் படங்களை வரைந்து காட்டுவதே இந்த அட்டையின் வேலை. பாடம் படிக்கவும் கடிதம் எழுதவும் தனி அட்டை தேவையில்லை. பெரிய விளையாட்டுகளுக்கும் வீடியோ தொகுப்புக்குமே அது வேண்டும்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை, கணினிப் பெட்டிக்குள் இருக்கும் 'பவர் சப்ளை' 12 வோல்டாகக் குறைக்கிறது. கிராபிக்ஸ் அட்டை செருகப்படும் தாய்ப்பலகைத் துளை ஆகக் கூடியது 75 வொட் தரும். சிறிய அட்டைக்கு அது போதும். பெரியவற்றுக்கு பவர் சப்ளையிலிருந்து தனி வயர் போக வேண்டும். ஆறு முனைச் செருகி 75 வொட்டும், எட்டு முனைச் செருகி 150 வொட்டும் தரும். 600 வொட் வரை தரக்கூடிய 16 முனைச் செருகி 2022இல் பெரிய அட்டைகளில் வந்தது.

இங்கேதான் கவனம் வேண்டும். நாம் உடுப்புக்குப் போடும் 1000 வொட் அயன், 230 வோல்டில் நாலரை அம்பியருக்கும் குறைவாகவே இழுக்கிறது. 450 வொட் அட்டையோ, 12 வோல்டில் 37 அம்பியருக்கும் மேல் இழுக்கிறது! அத்தனையும் சின்னஞ்சிறு முனைகள் வழியாகவே போகிறது. செருகி சரியாக உட்காராவிட்டால் அந்த இடம் சூடேறி, பிளாஸ்டிக் உருகிவிடும். 2022இல் ஆர்.டி.எக்ஸ். 4090 அட்டைகள் சிலவற்றில் இப்படி நடந்தது. செருகி முழுதாக உள்ளே போகாதது ஒரு காரணம் என்று தயாரிப்பாளரான என்விடியா நிறுவனம் கூறியது. 2023இல் செருகியின் அமைப்பு திருத்தப்பட்டது. அதன் பின்னரும் முறைப்பாடுகள் முற்றாக நிற்கவில்லை.

ஆகவே, இவற்றை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்:

• அட்டைக்கு எத்தனை வொட் பவர் சப்ளை வேண்டும் என்பது அதன் பெட்டியில் எழுதியிருக்கும். வீட்டிலுள்ளது போதாதென்றால், அதை மாற்றும் செலவையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

• செருகியை இடைவெளி தெரியாதபடி இறுக்கமாகச் செருக வேண்டும். அதன் கிட்ட வயரை மடக்கக் கூடாது.

• வேறொரு பவர் சப்ளையின் வயரை எடுத்து மாட்ட விடாதீர்கள். செருகி பொருந்தினாலும் உள்ளே வயர்களின் ஒழுங்கு மாறியிருக்கலாம்.

• ஃப்ரிட்ஜும் அயனும் மாட்டிய அதே மல்டி பிளக்கில் கணினியையும் மாட்டாதீர்கள்.

• பெட்டியைத் திறக்குமுன் சுவர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

மின்கட்டணத்தையும் மறந்துவிடாதீர்கள். மொத்தம் 600 வொட் இழுக்கும் கணினியில் ஐந்து மணி நேரம் விளையாடினால் மூன்று அலகு போய்விடும். நாள்தோறும் விளையாடினால் மாதம் 90 அலகு! இந்தக் கணக்கைப் பிள்ளையையே ஒரு தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த அட்டை போதும் என்பதை அதன் பிறகு இருவருமாகப் பேசி முடிவு செய்யலாம்.